கத்தியை எறிந்தது யார்?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டையும் கனரக வாகன முனையமும் உண்டு. லோடு கிடைக்கும்வரை லாரிகள் காத்து நிற்கும் இடம் அது. காத்திருப்பவருக்குக் கதை வேண்டும். அப்படிக் காத்திருப்பவர்களின் கையில் ஒரு தலைமுறைக்கு முன் மாத நாவல்தான் இருந்தது. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் க்ரைம் நாவலை வாங்கி, சரக்கு ஏறுவதற்குள் கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த வண்டிக்காரரிடம் கொடுத்துவிடலாம். கோவையிலிருந்து ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார் என்றால், அத்தனையையும் படிக்க அத்தனை காத்திருப்பு இந்த நாட்டில் இருந்தது என்றுதான் பொருள்.

அப்படிப் பழகிய வாசகர் ஒருவர், திரைப்படம் கிளப்பிய ஆவலில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் எடுத்துப் படித்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடித்ததும் அவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: “எல்லாம் சரி, ஆதித்த கரிகாலனை யாருதான் கொன்னாங்க?” பதில் கிடைக்காதபோது அடுத்து வரும் வாக்கியமும் தெரிந்ததுதான்: “இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்து ஏமாத்திட்டாரே.”

இந்த வாக்கியத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தமிழில் ‘ஏமாற்றம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காத மனநிலையும் ஏமாற்றம், ஒருவர் இன்னொருவரை வஞ்சிப்பதும் ஏமாற்றம். “ஏமாந்துட்டேன்” என்று வாசகர் சொல்லும்போது தன் மனநிலையைச் சொல்வதோடு எழுத்தாளர் மேல் ஒரு வழக்கும் போடுகிறார். ஏதோ ஒன்று தரப்படவேண்டியிருந்தது, தரப்படவில்லை என்கிறார். அந்தக் கடன் எது? கதை சொல்பவர் கேட்பவருக்கு எதைத் தரக் கடமைப்பட்டவர்? கொலையாளியின் பெயரையா, அதைவிடப் பெரிய ஒன்றையா? பார்க்க இது இலக்கிய வம்பு போலத் தெரியும். தமிழ் மரபோ இந்தக் கேள்வியைச் சிவபெருமான் முன்னிலைக்கே கொண்டுபோயிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் வழக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

‘கல்கி’ இதழில் 1950 அக்டோபர் 29-இல் தொடங்கிய தொடர் 1954-இல்தான் முடிந்தது. அந்த மூன்றரை ஆண்டும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் முதல் தேதி. சோழர் கதை என்று பேர் எடுத்தாலும், கல்கி பின்னிய கதையின் நடுநரம்பு ஒரு காதலும் ஒரு கொலையும்தான். இளவயதில் நந்தினியை விரும்பியவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். அவள் கெஞ்சக் கெஞ்சக் கேளாமல் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை வெட்டியவனும் அவனே. அந்தக் குற்றம் அவனை உறங்கவிடாமல் துரத்துகிறது. பழிவாங்கும் உறுதியோடு அவள் பெரிய பழுவேட்டரையரின் மனைவியாகிறாள். அவளுடைய தந்தை யார் என்பது இன்னொரு முடிச்சு. கடைசியில் கடம்பூர் அரண்மனையில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். விளக்கு அணைகிறது. இருட்டில் ஏதோ நடக்கிறது. மீண்டும் வெளிச்சம் வரும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான்.

துப்பறியும் கதையாக இருந்தால் இங்கிருந்து ஒருவர் வந்து எல்லாரையும் விசாரித்து, கடைசி அத்தியாயத்தில் விரலை நீட்ட வேண்டும். தமிழ் வாசகருக்கு அந்தப் பழக்கம் புதிதும் இல்லை. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-லேயே வந்துவிட்டது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் காதலர்களைப் பிரித்த சூழ்ச்சியை அவிழ்த்துச் சேர்த்துவைப்பவர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறிவாளருக்குத் திகம்பர சாமியார் என்றே பெயர். மறைந்ததை அறிபவர் சாமியாராக இருப்பார் என்ற ஊர் நம்பிக்கை, மர்ம நாவலுக்குள் அப்படி நுழைந்தது. காதலும் மர்மமும் கலந்த இந்த நாவல்களின் உடன்படிக்கை தெளிவானது: கடைசிப் பக்கத்தில் பெயர் கிடைக்கும், தாலி ஏறும், கெட்டவன் சிறைக்குப் போவான்.

கல்கி செய்தது வேறு. கொலையைத் துலக்குவதற்குப் பதிலாக, அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஆட்களை முன்வரச் செய்தார். பெரிய பழுவேட்டரையர் தம் கை எறிந்த கத்திதான் இளவரசனைக் கொன்றது என்கிறார். கதைநாயகன் வந்தியத்தேவன் மேல் பழி விழுந்ததும், அவனை மனத்துக்குள் வரித்துக்கொண்ட மணிமேகலை கொன்றவள் தானே என்கிறாள். ரவிதாசன் கூட்டமோ கொல்வதற்கென்றே சபதம் எடுத்தது. கரிகாலன் தானே சாவைத் தேடிப்போனவன் என்று படிப்பதற்கும் நாவலில் இடமிருக்கிறது. இவர்களில் யார் கை என்று நூல் உறுதிப்படச் சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் கொலையைப் பற்றியதே அல்ல. வந்தியத்தேவனின் மடியில் மணிமேகலையின் உயிர் பிரிவதோடு கதை நிற்கிறது.

தொடர் முடிந்ததும் வாசகர்கள் மனக்குறையைத் தெரிவித்தார்கள். அது கல்கியை எட்டியது. நூலின் இறுதியில் அவர் சேர்த்த முடிவுரை அந்தக் குறைக்குத் தந்த பதில்தான். முழுக்கக் கற்பனையில் எழுதும் கதையை எல்லா முடிச்சும் அவிழ முடித்துவைக்கலாம், வரலாற்றிலிருந்து எடுத்த கதைக்கு அந்த வசதி இல்லை என்பது அவர் கட்சி. அதன்பின் பொறுமையாக, குந்தவை வந்தியத்தேவனின் மனைவியானாள் என்று தஞ்சைக் கல்வெட்டைக் காட்டி, யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிக்கொண்டு போகிறார். படித்தவர் ஏமாந்தேன் என்கிறார். எழுதியவர் எழுந்து நின்று பதில் சொல்கிறார். தமிழ் இதழியலில் இதைவிட மரியாதையான உரையாடல் அதிகம் நடந்ததில்லை.

அவர் சொன்ன வரலாறு மேட்டுப்பாளையத்திலிருந்து வெகுதொலைவில் இல்லை. லாரி தெற்கே கடலூர் வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து மேற்கே திரும்பினால் காட்டுமன்னார்கோயில். அதை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அந்தச் சுவரில் இருக்கிறது. பாண்டியன் தலை கொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராசன் ஆகியோரைக் குறித்து, அவர்கள் நிலத்தையும் உறவினர் நிலத்தையும் பறிமுதல் செய்ய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன அரசாணை அதில் வருகிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆன பிறகு வந்த ஆணை அது. இடையில் உத்தம சோழன் ஆண்டு முடித்துவிட்டான். திருவாலங்காட்டுச் செப்பேடு இதே மரணத்தைப் பற்றிப் பேசும்போது, வானுலகைக் காணும் ஆசையில் ஆதித்தன் போய்விட்டான் என்று கவிதையால் மூடிவிட்டு நகர்கிறது. உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்.

கவனித்தால், பெயர்கள் இங்கே இருக்கின்றன. குற்றவாளிகள் யார் என்று அரசே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. இருந்தும் அதைப் படிப்பவர் மனம் ஆறுவதில்லை. ஏன் கொன்றார்கள்? யாருக்காக? ஏன் இத்தனை ஆண்டு யாரும் கேட்கவில்லை? கல்வெட்டு நிலத்தின் கணக்கைச் சொல்கிறது, நெஞ்சின் கணக்கைச் சொல்லவில்லை. ஆக, பெயர் கிடைத்துவிட்டால் மர்மம் தீர்ந்தது என்ற கணக்கு வரலாற்றிலேயே உதைக்கிறது. கயிற்றில் தொங்கிய நாவல்களில் கொலையாளியின் பெயர் கிடைத்த பிறகும் ஒரு வெறுமையோடு புத்தகத்தை மூடியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

தமிழ் மரபில் காதலே முதலில் ஒரு மர்மக் கதைதான். தொல்காப்பியம் அதற்கு வைத்த பெயர் களவு. பொருளைத் திருடுவதற்கும் ஊரறியாமல் காதலிப்பதற்கும் ஒரே சொல். களவில் கூடிய பெண் மெலிகிறாள், வளை கழல்கிறது, உறக்கம் இல்லை. தாய்க்குச் சந்தேகம். கட்டுவிச்சியைக் கூப்பிட்டு நெல்லை எண்ணிக் குறி கேட்கிறாள். பிறகு முருகன் கோயில் வேலன் வருகிறான். கழங்கு உருட்டி, ஆடறுத்து, வெறியாடி, “இது முருகன் குறை” என்கிறான். முழு நம்பிக்கையோடு சொல்லப்பட்ட முழுத் தவறான தீர்ப்பு அது. நோய்க்குக் காரணம் ஒரு மலைநாட்டு இளைஞன் என்று தெரிந்த தோழி உள்ளுக்குள் நகைக்கிறாள். தன்னால் வந்த நோய் அல்ல என்று அறிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாதவன்தான் என்று முருகனையே பார்த்துச் சொல்லும் துணிச்சல் ஒரு சங்கப் பாட்டுக்கு இருக்கிறது. பக்தி குறைந்தவர்கள் எழுதிய பாட்டு அல்ல அது. தெய்வத்தின் பெயரால் சொல்லப்படும் எளிய விடைக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தை அறிந்தவர்கள் எழுதியது.

அப்படியானால் களவு எப்படி வெளிப்படும்? அதற்கும் இலக்கணம் உண்டு. தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். இந்தத் தொடர் வெளிப்பாட்டுக்கு இலக்கணம் இட்ட பெயரை ஒவ்வொரு மர்ம நாவலாசிரியரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்: அறத்தொடு நிற்றல். துப்பு துலக்குதல் என்றோ, குட்டு உடைதல் என்றோ அவர்கள் சொல்லவில்லை. உண்மையைச் சொல்பவர் அந்த உண்மையின் பக்கத்தில் தானும் நிற்க வேண்டும். செவிலி சினந்தாலும், ஊர் தூற்றினாலும், நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் இப்படி ஒரு தோழி செவிலியிடம் நின்று சொல்லும் ஒரே பேச்சு. அதே மரபில் அகப்பாடலின் காதலருக்குப் பெயர் சூட்டக் கூடாது என்பதும் விதி. யார் என்ற பெயரைக் கடைசிவரை மறைத்துவைத்துக்கொண்டு, உண்மையை மட்டும் முழுவதுமாகத் தந்துவிடும் இலக்கியம் அது. இரண்டாயிரம் ஆண்டாக அதைப் படித்தவர்கள் பெயர் கிடைக்கவில்லையே என்று குறைப்படவில்லை.

இனிமேல்தான் சிவபெருமான் வருகிறார்.

இறையனார் அகப்பொருள் என்ற நூலுக்கு இறையனார் களவியல் என்றும் பெயர். அதன் உரை ஒரு வரலாற்றைச் சொல்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம். புலவர்களைக் காப்பாற்ற முடியாமல் அரசன் அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு செழித்ததும் தேடி அழைக்கிறான். எழுத்து வல்லவர்கள் வந்தார்கள், சொல் வல்லவர்கள் வந்தார்கள், பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் அகப்படவில்லை. எழுத்தும் சொல்லும் பொருளுக்காகத்தானே என்று அரசன் கலங்குகிறான். அந்தக் கவலையைத் தீர்க்க, மதுரை ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரம் செய்து செப்பிதழில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டுவைத்தாராம். நாடு பசியிலிருந்து மீண்டதும் கடவுள் முதலில் எழுதிக்கொடுத்த நூல் எதைப் பற்றி? மறைவாகக் காதலிப்பதைப் பற்றி.

புலவர்கள் ஆளுக்கொரு உரை எழுதினார்கள். எது சரி என்று யார் சொல்வது? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். அவன் ஊமை. முருகனே சாபத்தால் அப்படிப் பிறந்தான் என்பது நம்பிக்கை. ஒவ்வொருவராக உரையை வாசிக்கிறார்கள். பிள்ளை சும்மா இருக்கிறான். மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் அவன் கண்ணில் நீர் வந்தது, மெய் சிலிர்த்தது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் அழுதான். அதுவே மெய்யுரை என்று தெளிந்தார்கள்.

இந்தக் கதை நடந்ததா என்பது வேறு ஆராய்ச்சி. அது சொல்லவரும் கருத்து வியப்பானது. சங்கப் பலகையில் அமர்ந்த பெரியவர்களின் வாதம் தீர்க்காததை ஒரு வாசகனின் உடம்பு தீர்க்கிறது. பாராட்டப் பேச்சில்லாத பிள்ளைக்குக் குறைசொல்லவும் பேச்சில்லை. மற்றவர்கள் வாசித்தபோது அவன் அசையாமல் இருந்தான் அல்லவா, அந்த அசையாமைதான் ஏமாற்றத்தின் மிகச் சுத்தமான வடிவம். அதைப் புலவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, தீர்ப்பாக ஏற்றார்கள். வறண்ட கண்ணுக்கும் சான்றின் மதிப்பு உண்டு. லாரிக்கடியில் நிழலில் படுத்துக்கொண்டு, “என்னமோ ஒட்டலைங்க” என்று புத்தகத்தை மூடும் ஓட்டுநரின் தீர்ப்பையும் அதே மதிப்போடு பார்க்க வேண்டும். ஊமைப் பிள்ளையை மதித்த மரபுக்கு அவரைத் தட்டிக்கழிக்கும் உரிமை கிடையாது.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதைச் சொல்லச் சிதம்பரத்துக்குப் போக வேண்டும். கூத்தப்பிரான் சன்னிதிக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதை விலக்கித் தீபம் காட்டுவார்கள். உள்ளே விக்கிரகம் இல்லை. பொன் வில்வ இலைகள் கோத்த சரங்கள் தொங்கும், அவற்றுக்குப் பின்னால் வெளி. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். வெற்றிடமே அங்கே இறைவன். ரகசியம் என்று ஊரெல்லாம் பேர்பெற்ற ஒன்றைப் பார்க்க நெடுந்தூரம் வந்த ஒருவர், திரை விலகியதும் “ஒண்ணுமே இல்லையே” என்று சொல்லலாம். சிலர் சொல்வதும் உண்டு. பெரும்பாலோர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண் கலங்க வெளியே வருகிறார்கள்.

மர்ம நாவலின் கடைசிப் பக்கத்திலும் ஒரு திரை விலகுகிறது. அங்கே ஓர் ஆள் நிற்கிறான், பெயரோடு. இருந்தும் மனம் வெறுமையாகிறது. இங்கே ஒருவரும் இல்லை, மனம் நிறைகிறது. இந்த முரணை யோசித்தால், நிறைவுக்கும் தகவலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது புரியும். நாவலின் திரை விலகியதும் கேள்வி செத்துவிடுகிறது. முந்நூறு பக்கம் நெஞ்சை அலைக்கழித்த பெண்ணின் அன்பும் அச்சமும் கொலையாளியை ஒளித்துவைக்கப் பயன்பட்ட துணி என்று அப்போது தெரியவருகிறது. ஏமாந்தவர் உண்மையில் அதற்காகத்தான் வருந்துகிறார்: விடை தவறு என்பதற்காக அல்ல, தன் மனத்தை வாங்கி வேறொன்றுக்குச் செலவழித்துவிட்டார்கள் என்பதற்காக. சிதம்பரத்தில் திரை விலகிய பிறகும் கேள்வி உயிரோடு இருக்கிறது, வந்தவருடனேயே வீட்டுக்குப் போகிறது.

மாணிக்கவாசகர் பற்றிய வரலாறும் அதே ஊரில்தான் முடிகிறது. களவுக் காதலின் துறைகளையே அடுக்கி நானூறு பாட்டில் திருக்கோவையார் செய்தவர் அவர். காதல் பாட்டு பக்தி நூலாக எண்ணப்படுவது ஏன் என்ற கேள்வி அன்றும் இருந்திருக்க வேண்டும். தில்லைவாழ் அந்தணர்கள் பொருள் கேட்டார்களாம். அவர் விளக்கவுரை சொல்லவில்லை. கூத்தப்பிரானைக் காட்டி இவரே பொருள் என்றார், அந்த வெளியில் கலந்து மறைந்தார். தோழி செவிலி முன் நின்றதுபோல, சொன்னவர் தாம் சொன்னதன் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டார்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு கடம்பூர் அரண்மனைக்குத் திரும்பினால், மணிமேகலையும் பெரிய பழுவேட்டரையரும் வேறு மாதிரித் தெரிகிறார்கள். நடந்தது யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் நடந்ததன் பாரத்தை எடுத்துக்கொள்ள இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தி சொல்வது பொய். அன்புக்காகச் சொன்ன பொய். வயோதிகர் சொல்வது அவரளவில் உண்மை; அதைச் சொல்ல அவர் தம் வாழ்நாள் பெருமை அத்தனையையும் இறக்கிவைக்கிறார். அறத்தொடு நிற்றலின் இரண்டு கோணல் வடிவங்கள் இவை. கத்தி எறிந்த கை எது என்று கேட்ட வாசகருக்கு, அந்தக் கத்தியைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்ள யார் தயார் என்று கல்கி காட்டினார். இது கேட்ட பண்டத்துக்கு ஈடான பண்டம் அல்ல என்று வாசகர் சொன்னால் மறுக்க முடியாது. குறைந்த பண்டம் என்று சொன்னால்தான் மறுக்க வேண்டும்.

ஒரு குறை மட்டும் கல்கி மேல் நிற்கிறது, அதை மழுப்பக் கூடாது. நந்தினி. ஐந்து பாகத்தையும் தன் துயரத்தால் இழுத்துவந்தவள் அவள். கொலைக்குப் பிறகு கதை அவளைக் குதிரை ஏற்றி அனுப்பிவிட்டு, பட்டாபிஷேகம், தியாகம் என்று கரிகாலனின் தம்பி அருண்மொழிவர்மரின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. எல்லாரும் ஏதாவது ஒன்றன் பக்கத்தில் நிற்க இடம் பெற்றார்கள்; அவளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. முடிவுரையில் சொல்லப்படும் எதுவும் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. மேட்டுப்பாளையத்து வாசகர் அவளுக்காக ஏமாந்தேன் என்று சொன்னால், ஊமைப் பிள்ளையின் வறண்ட கண்ணைப் போல அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

கல்வெட்டு இருக்கும் அந்தக் காட்டுமன்னார்கோயிலுக்கு இன்னொரு பெருமை உண்டு. பழைய வீரநாராயணபுரம் அது. வைணவ ஆசாரியர் நாதமுனி பிறந்த ஊர். கோயிலுக்கு வந்த சிலர் குடந்தை ஆராவமுதன் மேல் நம்மாழ்வார் பாடிய பாசுரங்களைப் பாட அவர் கேட்டார் என்று குருபரம்பரை சொல்கிறது. ஆயிரத்தில் இவை பத்து என்று முடிவில் வந்ததும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. கும்பகோணம் போனார், அங்கும் இல்லை. ஆழ்வார்திருநகரி போய், மதுரகவியின் பதிகத்தைப் பன்னீராயிரம் முறை ஓதி அமர்ந்தார். நாலாயிரமும் கிடைத்தது என்கிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ தொடக்கத்தில் ஆழ்வார்க்கடியான் இதே ஊர் விண்ணகரக் கோயிலில் நம்மாழ்வாரைப் பாடுகிறான். பக்கத்தில் ஈசுவர பட்டர், அவரோடு அவருடைய சின்னப் பையன். அந்தப் பையனே பின்னாளில் நாதமுனி ஆனவன் என்று கல்கி அங்கேயே சொல்லிவைக்கிறார். கொலை நடக்க இன்னும் நான்கு பாகம் இருக்கிறது. பையன் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.